காசல்ரீ, மவுசாக்கலை, லக்ஷபான: நம் மலை நீர்த்தேக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பாதையில் முதலில் காசல்ரீ, அப்புறம் மவுசாக்கலை என்று இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளைக் கடந்துதான் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். எங்கள் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், நோட்டன், லக்ஷபான... எத்தனை டேம்தான் இருக்கு? ஒண்ணும் புரியல.

இரண்டு ஆறுகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெசல்கமுவ ஓயா. மற்றது சிவனொளிபாதமலைத் தொடரிலிருந்து வரும் மஸ்கெலியா ஓயா. இரண்டும் கீழே போய்ச் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது.

கெசல்கமுவ ஓயாவில் மேலே இருப்பது காசல்ரீ. அதற்குக் கீழே நோட்டன் பிரிட்ஜில் ஒரு சின்னத் தேக்கம். அதை விமலசுரேந்திர நீர்த்தேக்கம் என்றும் சொல்வார்கள். மஸ்கெலியா ஓயாவில் மேலே மவுசாக்கலை, அதற்குக் கீழே கெனியன், அதற்கும் கீழே லக்ஷபான. மேலே உள்ள இரண்டும்தான் பெரியவை. மழைக்காலத் தண்ணீரைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைப்பது அவைதான். கீழே உள்ள மூன்றும் வந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி அடுத்த மின்நிலையத்துக்கு அனுப்பும் தொட்டிகள் மாதிரி.

தண்ணியில இருந்து கரண்ட் எப்படி வருது?

தண்ணீரின் எடையிலிருந்தும் அது விழும் உயரத்திலிருந்தும் வருகிறது. உயரத்தில் தேங்கிய தண்ணீரைச் சுரங்கம் வழியாக மலைக்குள் கொண்டுபோய், செங்குத்தான இரும்புக் குழாயில் கீழே இறக்குகிறார்கள். லக்ஷபான மலைச்சரிவில் தூரத்திலிருந்தே தெரியும் குழாய்கள் அதற்குத்தான். கீழே அந்தத் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. லக்ஷபானவைப் போல உயரம் மிக அதிகமான இடங்களில் சக்கரத்தைச் சுற்றிக் கிண்ணங்கள் மாதிரி பொருத்தியிருப்பார்கள். குழாய் முனையிலிருந்து பீறிடும் தண்ணீர் அந்தக் கிண்ணங்களில் அடிக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் லீற்றர் தண்ணீர், அதாவது மொட்டைமாடியில் வைக்கும் ஒரு டாங்கி நிறையத் தண்ணீர், 400 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பெல்லாம் போக ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு ஒரு டாங்கி. இதைச் சொன்ன நாளிலிருந்து என் மகள் தேவையில்லாமல் எரியும் லைட்டை அவளாகவே அணைத்துவிடுகிறாள்.

கரண்ட் எடுத்த தண்ணியில சத்து இருக்காதாமே? அத வயலுக்குப் பாய்ச்சினா வெளையாதுன்னு சொல்றாங்க.

இல்லை. அப்படி எதுவும் கிடையாது. பாலிலிருந்து வெண்ணெய் எடுப்பது போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீருக்குள் மின்சாரம் இல்லை, எடுப்பதற்கு. மேலே சொன்னபடி அது விழும் வேகத்தை மட்டுமே சக்கரம் வாங்கிக்கொள்கிறது. அருவியில் விழுந்த தண்ணீருக்கும் குழாயில் விழுந்த தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை. அதே தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் இறைத்துச் சுத்திகரிப்பதுதான் தலைநகரின் குடிநீரில் பெரும்பகுதி.

அணை இங்க இருக்கு, பவர் ஹவுஸ் எங்கயோ கீழ இருக்கு. ஏன் பக்கத்திலேயே கட்டல?

உயரத்துக்காகத்தான். அணை தரும் உயரம் அணையின் உயரம் மட்டுமே. மலை தரும் உயரம் அதைவிடப் பல மடங்கு. அதனால் அணை தண்ணீரைத் திருப்பிவிடும் வேலையைச் செய்கிறது, மலை விழவைக்கும் வேலையைச் செய்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே தண்ணீர் நான்கு முறை வேலை செய்கிறது. காசல்ரீத் தண்ணீர் முதலில் நோட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றும். அங்கிருந்து நோட்டன் தேக்கம், அப்புறம் பழைய லக்ஷபான மின்நிலையம். மவுசாக்கலைத் தண்ணீர் கெனியன் மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு புதிய லக்ஷபானவுக்குப் போகும். இரண்டு வழியாக வந்த தண்ணீரும் லக்ஷபான தேக்கத்தில் ஒன்றாகி, பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அதற்கும் கீழே, கித்துல்கலைக்குப் பக்கத்தில், 2022இல் திறந்த புரோட்லண்ட்ஸ். பொகவந்தலாவையில் பெய்த ஒரு மழைத்துளி கடலைப் பார்ப்பதற்குள் நான்கு இடத்தில் உழைத்துவிடுகிறது.

எவ்வளவு கரண்ட் வருது?

கட்டியபோது இருந்த அளவைச் சொல்கிறேன்: பழைய லக்ஷபான 50 மெகாவாட், விமலசுரேந்திர 50, கெனியன் 60, பொல்பிட்டிய 75, புதிய லக்ஷபான 100. கடைசியாக வந்த புரோட்லண்ட்ஸ் 35. பிற்பாடு இயந்திரங்களைப் புதுப்பித்தபோது சிலவற்றின் திறன் கூடியிருக்கிறது.

இத வெள்ளைக்காரன்தானே கட்டினான்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். லக்ஷபானவில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு சொன்னவர் டி. ஜே. விமலசுரேந்திர, 1874இல் பிறந்த இந்த நாட்டுப் பொறியியலாளர். 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்து, இலங்கையின் ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்பே நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூல் என்ற இடத்தில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றையும் அவர் அமைத்திருந்தார்.

1920களில் லக்ஷபானவில் வேலை தொடங்கியது, பணம் இல்லை என்று நின்றது. அவர் உத்தியோகத்தை விட்டு 1931இல் அரசாங்க சபைக்கே உறுப்பினராகப் போய் அங்கும் இதையே பேசினார். கடைசியில் பழைய லக்ஷபான இயங்கத் தொடங்கியது 1950இல். அவர் 1953இல் காலமானார். கட்டுரை படித்ததிலிருந்து விளக்கு எரிய 32 ஆண்டுகள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஒரு ஆறுதல்.

காசல்ரீ, மவுசாக்கலை எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. காசல்ரீயும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965, மவுசாக்கலையும் பொல்பிட்டியவும் 1969, புதிய லக்ஷபான 1974. கெனியன் 1983இல்தான் ஓடத் தொடங்கியது.

மவுசாக்கலைக்குள்ள ஒரு டவுனே இருக்காமே, உண்மையா?

உண்மை. இப்போது நாம் பார்க்கும் மஸ்கெலியா நகரம் புதியது. பழைய மஸ்கெலியா தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1960களின் கடைசியில் அணை எழும்பியபோது கடைவீதி, கோயில், பள்ளிவாசல், விகாரை, சுற்றியிருந்த தேயிலை மலைகள் எல்லாம் தேக்கத்துக்குள் போயின. மேட்டில் புதிய நகரம் எழுந்தது.

வறட்சி கடுமையாக இருக்கும் ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கி, அந்தப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நான் பலமுறை இறங்கிப் பார்த்திருக்கிறேன். சேறு காய்ந்து கையகலப் பாளங்களாக வெடித்திருக்கும். அதன் நடுவே கோயிலின் கருங்கல், அதில் நீர்மட்டம் நின்று நின்று விட்ட கோடுகள். தேயிலைச் செடிகளின் அடிக்கட்டைகள் வரிசை தப்பாமல் அப்படியே நிற்கும், கறுத்துப்போய். யாரோ ஒருவர் சேற்றில் கிடந்த ஒரு பழைய சோடாப் போத்தலைத் துடைத்துக் கோயில் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வருகிறவர்கள் அங்கே கற்பூரம் ஏற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள். பழைய ஆட்கள் இது இன்ன கடை, அது இன்னார் வீடு என்று தரையைப் பார்த்தே சொல்வார்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

அப்ப அங்க இருந்த தோட்டத்து ஆளுகளுக்கு நட்டஈடு குடுத்தாங்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அப்போது அந்த ஆட்கள் சட்டப்படி யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். காசல்ரீ நிரம்பியது அதற்கு அடுத்த ஆண்டு. மவுசாக்கலை நிரம்பியது, யார் இந்தியா போவது யார் இருப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலம்.

தேயிலை மலை கம்பனியுடையது. லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதுவும் கம்பனியுடையது. லயத்து அறையான காம்பராவில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு அடிகூடப் பெயரில் இல்லை. சொந்தமாக நிலம் இருந்தவனுக்குத்தான் நிலத்துக்கு நட்டஈடு. இவர்களை வேறு மலைக்கு, வேறு லயத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். எங்கள் அப்பாயி மாறி வந்தது அப்படித்தான். தகரப்பெட்டி ஒன்று, அம்மி ஒன்று, ஒரு ஆடு. அம்மி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அணை கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், நிலக்கரிப் புகையைவிட இந்தத் தண்ணீர் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் அணையின் வரலாற்றில் ஒரு பகுதி. பெயர்ப்பலகையில் கொள்ளளவும் உயரமும் எழுதியிருக்கிறது. அங்கே இருந்த ஆட்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

பக்கத்திலயே கரண்ட் எடுக்கிறாங்க, லயத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு காலம் லைட் வரல?

மின்நிலையத்திலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பியை நேரடியாக வீட்டுக்கு இழுக்க முடியாது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் துணைமின்நிலையம், டிரான்ஸ்ஃபோமர், கம்பம், வீட்டு வயரிங் எல்லாம் வேண்டும். அந்தச் செலவை யார் செய்வது என்பதுதான் கேள்வி. இது தொழில்நுட்பக் காரணம்.

மற்ற காரணம் உங்களுக்கே தெரியும். முந்தைய பதிலில் சொன்ன அதே கதைதான்: வீடு நம் பெயரில் இல்லை. வீடு பெயரில் இல்லாதவன் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தோட்டத்தின் சம்மதம் வேண்டும். பங்களாவிலும் தொழிற்சாலையிலும் விளக்கு எரிந்தது, லயத்தில் குப்பி லாம்பு எரிந்தது. என் சின்ன வயதில் பெரிய கம்பிகள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் எங்கள் பிரட்டுக்களத்துக்கு மேலாகத்தான் போயின. மழை நாளில் அவை உஸ்ஸென்று இரையும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மண்ணெண்ணெய் விளக்கில் படித்திருக்கிறேன். இப்போது லயங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் ஒரு மீற்றரிலிருந்து பல காம்பராக்களுக்குப் பிரித்து இழுத்த பழைய வயரிங்கைப் பார்த்தால் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். லய வரிசையில் தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை.

வான்கதவ தொறந்துட்டாங்கன்னு செய்தியில சொன்னா ஓடணுமா?

எந்தத் தேக்கம் என்று முதலில் கேளுங்கள். நோட்டன், கெனியன், லக்ஷபான மூன்றும் சின்னவை என்று மேலே சொன்னேன் அல்லவா? தென்மேற்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தாலே அவை நிரம்பி வான் பாயும், அல்லது கதவைத் திறப்பார்கள். இது ஒவ்வொரு ஆண்டும் நடப்பதுதான். கதவு திறப்பது அணையைக் காப்பாற்றச் செய்யும் வேலை. அணைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

காசல்ரீயோ மவுசாக்கலையோ வான் பாய்ந்தால் அது வேறு. மேலே இனி இடமில்லை, பெய்கிற மழை அப்படியே கீழே போகும் என்று பொருள். ஆற்றோரத்தில் இருப்பவர்கள், குறிப்பாக இரவில், கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடாதீர்கள். நம் மலையில் மழைநாளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மண்சரிவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, திடீரென்று கலங்கல் ஊற்று வந்தாலோ, கதவு திறந்த செய்திக்குக் காத்திராமல் வெளியேறிவிடுங்கள்.

மழையே இல்ல, ஆனா ஆத்துல திடீர்னு தண்ணி ஏறுதே?

மின்நிலையம் ஓடத் தொடங்கினால் அப்படித்தான். நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருப்பது மாலை 6.30 முதல் 10.30 வரை. நீர்மின் நிலையத்தின் பெரிய சிறப்பே, நிலக்கரி நிலையம் போல மணிக்கணக்கில் சூடேற்றாமல், சில நிமிடங்களில் ஓடவைக்கலாம் என்பதுதான். அதனால் வானம் வெளுத்திருந்தாலும் மின்நிலையத்துக்குக் கீழே ஆறு திடீரென்று பெருகும். கித்துல்கலையில் படகு விடுபவர்களுக்கு இது மனப்பாடம். வெளியூரிலிருந்து வந்து பாறையில் உட்கார்ந்து துணி துவைப்பவர்களுக்குத் தெரியாது.

டேம் உடைஞ்சிருமா?

காசல்ரீயும் மவுசாக்கலையும் கொங்கிறீட்டில் கட்டிய எடை அணைகள். அதாவது தண்ணீர் தள்ளும் விசையைத் தன் எடையாலேயே தாங்கி நிற்பவை. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கின்றன. இந்த நாட்டில் நம் காலத்தில் உடைந்தது 1986 ஏப்ரலில் கந்தளாய். அது பழங்காலத்து மண் அணை. அதிகாலையில் உடைந்து 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே பயப்படவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அணைக்குப் பராமரிப்பும் கண்காணிப்பும் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

கசிவு என்றால் பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவாவி நீர்த்தேக்கத்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். 1992இல் அதை நிரப்பியபோது வலது கரையில் அணைக்குக் கீழே தண்ணீர் பீறிட்டது. அணை நன்றாகத்தான் இருந்தது, அதன் பக்கத்து மலைக்குள்தான் சுண்ணக்கல் குகைகள் இருந்தன. அடைக்க என்னென்னவோ செய்தார்கள், முழுதாக நிற்கவில்லை. இன்றும் கசிகிறது, கீழே உள்ள விவசாயிகள் அந்தத் தண்ணீரில் வயல் செய்கிறார்கள். மலையில் அணை கட்டுகிறவர்கள் அணையைவிட மலையைத்தான் அதிகம் படிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

தலவாக்கலையில சின்னதா ஒரு டேம் கட்டிட்டு 150 மெகாவாட்டுன்னு சொல்றாங்க. நம்பவே முடியல.

அணை ஏன் சின்னதாக இருக்கலாம் என்பதற்கு, பவர் ஹவுஸ் பற்றிய பதில்தான் இங்கேயும். மேல் கொத்மலை அணை 35 மீற்றர் சொச்சம்தான். ஆனால் கிட்டத்தட்ட 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோய் 400 மீற்றருக்கும் மேலாக விழவைக்கிறார்கள். ஜப்பான் கடனுதவியில் கட்டி 2012இல் திறந்தார்கள். தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. இந்த முறை அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். மவுசாக்கலைக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இழப்பு சென் கிளேயர் அருவிக்கு. அகலமாக விரிந்து விழும் அந்த அருவியின் தண்ணீரைத்தான் அணை மேலேயே பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்புக்குப் பிறகு, பகல் நேரத்தில் அருவிக்கென்று ஒரு அளவு தண்ணீர் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இப்போது பார்க்க வருகிறவர்கள் படமெடுப்பது அந்த ஒதுக்கீட்டைத்தான்.

மகாவலி டேமுக்கும் நம்ம டேமுக்கும் என்ன வித்தியாசம்?

விக்டோரியா, ரந்தெனிகல போன்ற மகாவலி அணைகளுக்கு மின்சாரம், விவசாயம் என்று இரண்டு வேலை. வயலுக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் விட்டாக வேண்டும். நம் களனிப் பக்கத்து அணைகள் முதன்மையாக மின்சாரத்துக்கே. அதோடு, மேற்குச் சரிவில் இருப்பதால் நம்முடையவை மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும். விக்டோரியா பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கும். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். நாடு தப்பிப் பிழைப்பது அதில்தான்.

டேம் நெறஞ்சு வழியுது. அப்புறம் ஏன் கரண்ட் கட்டு, ஏன் பில் கூடுது?

1990களின் தொடக்கம் வரை நாட்டின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீர்மின்சாரமாகத்தான் இருந்தது. 1996இல் மழை பொய்த்தது. நாடு முழுக்க நாளுக்குப் பல மணி நேரம் இருட்டு. அதன் பிறகு எண்ணெய் நிலையங்கள் பெருகின, நுரைச்சோலை நிலக்கரி நிலையம் வந்தது. தேவை வளர்ந்துகொண்டே போனது, ஆறு வளரவில்லை. இன்று நம் அணைகள் எல்லாம் நிரம்பி வழிந்தாலும் நாட்டின் தேவை முழுவதையும் அவற்றால் தர முடியாது. மீதிக்கு எண்ணெயும் நிலக்கரியும் டொலர் கொடுத்து வாங்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். வறண்ட மாதங்களில் தேக்கங்கள் இறங்கியிருந்தன, எண்ணெய் வாங்க டொலரும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

இப்போது இன்னொரு மாற்றம். கூரைகளில் சோலார் பெருகிவிட்டதால் பகலில் மின்சாரம் தாராளம், மாலையில் தட்டுப்பாடு. அதனால் பகலில் தண்ணீரை மிச்சம் பிடித்து இரவில் ஓடவிடலாம். காசல்ரீ ஒரு பெரிய பற்றரி மாதிரி என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

டேம் மண்ணால மூடிப் போகும்ங்கிறாங்களே?

இதுதான் நான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும் கேள்வி, மிகக் குறைவாகவே கேட்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் மகாவலியில் உள்ள பொல்கொல்ல தேக்கம் 1976இல் திறந்தது. 12 ஆண்டுகளில் அதன் கொள்ளளவில் 40 வீதத்துக்கு மேல் மண் நிறைந்துவிட்டது. மேலே சரிவுகளில் மரக்கறித் தோட்டம் போட்டு, மண்ணை மழைக்குத் திறந்து வைத்ததன் பலன். நன்றாகப் பராமரித்த தேயிலை மண்ணைப் பிடித்து வைக்கும். செடி செத்து இடைவெளி விழுந்த, கானும் (மழைநீர் ஓடும் வடிகால்) கல்லணையும் கவனிக்காமல் விட்ட தேயிலை மலை மண்ணைக் கரைத்துவிடும். நம் பெரிசுகள் கான் வெட்டியதும் கல் அடுக்கியதும் கொழுந்துக்காக மட்டும் இல்லை.

கெசல்கமுவ ஓயாவில் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டுகிறார்கள். ஆற்றங்கரையைக் குடைந்து, மண்ணைக் கழுவி, அப்படியே ஆற்றில் விடுகிறார்கள். அவ்வளவும் காசல்ரீக்குத்தான் போகிறது. கூடவே ஊர்க் குப்பையும் பிளாஸ்டிக்கும். நீர்மட்டம் இறங்கும்போது கரையில் போய்ப் பாருங்கள், ஷாம்பு பக்கற்றும் பால்மா பக்கற்றும் சேற்றில் படிப்படியாக ஒட்டிக் கிடக்கும், எந்த மழையில் வந்தது என்று எண்ணிவிடலாம். மண் நிறைந்த தேக்கத்தை யாரும் வாரி வெளியே கொட்டப் போவதில்லை, அதற்குக் காசு கட்டாது. மேலேயே நிறுத்தினால்தான் உண்டு.

இனியும் மலையில டேம் கட்டுவாங்களா?

பெரிதாகக் கட்ட நல்ல இடங்கள் ஏறத்தாழ தீர்ந்துவிட்டன. 2024இல் உமா ஓயா திறந்தது, 120 மெகாவாட். அதன் சுரங்கத்தைத் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் வடிந்து, ஊர்க் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. இனி எங்கே தோண்டினாலும் மக்கள் முதலில் கேட்பது அந்தக் கிணறுகளைப் பற்றித்தான். கேட்கவும் வேண்டும்.

பழைய மஸ்கெலியாவப் பார்க்க எப்ப வரணும்?

மழை குறைந்த ஜனவரிக்குப் பிறகு, மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் நல்ல காலம். ஆனால் எல்லா ஆண்டும் தெரியாது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று மஸ்கெலியாவில் யாரிடமாவது கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேலே காய்ந்த மாதிரித் தெரியும் சேறு உள்ளே களியாக இருக்கும், இடுப்பு வரை இழுத்துவிடும். ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செங்கல்லோ ஓடோ எதையும் ஞாபகத்துக்கென்று எடுத்துப் போகாதீர்கள்.

கோயில் வரை போக முடிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். அங்கே இப்போது சாமி இல்லை, மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் படியில் செருப்போடு ஏறுவதில்லை.